படுத்தபடியே பார்த்த வீடு: ஃப்ரிடா காலோ தன் நீல வீட்டை நிரப்பிய கதை

ஃப்ரிடா காலோ என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த முகம் தெரிந்திருக்கும். நடுவில் சேர்ந்த புருவம், தலை நிறைய பூ, காதில் பெரிய கம்மல், நேராக நம்மையே முறைக்கும் கண்கள். டி-ஷர்ட், டோட் பேக், மொபைல் கவர், குஷன்னு அவர் முகம் இல்லாத பொருளே இல்லை.

ஊர் முழுக்க வீட்டு அலங்காரமாகிப்போன இந்த ஓவியர், தன் சொந்த வீட்டை எப்படி அலங்கரித்தார்? அவரது கதையை ஓவியங்கள் வழியாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனா, அவர் வீட்டில் எந்தப் பொருளை எங்கே வைத்தார் என்பதைப் பார்த்துக்கொண்டே போனாலும் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

மெக்ஸிகோ சிட்டியின் கொயோகான் பகுதியில் இருக்கிறது அந்த வீடு. வெளிச்சுவர் முழுக்க அடர் நீலம். அதனால் ஸ்பானிஷ் மொழியில் 'காசா அசுல்', அதாவது நீல வீடு. 1907 ஜூலை 6 அன்று ஃப்ரிடா பிறந்ததும் 1954 ஜூலை 13 அன்று இறந்ததும் கொயோகானின் இந்த வீட்டோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. வாழ்ந்தது 47 வருடங்கள். அதில் பாதிக்கு மேல் உடம்பு வலியோடுதான்.

விற்றுப்போன ஃபிரெஞ்சு நாற்காலிகள்

நீல வீட்டைக் கட்டியவர் ஃப்ரிடாவின் அப்பா குய்யெர்மோ காலோ. ஜெர்மனியில் பிறந்து மெக்ஸிகோவுக்கு வந்து செட்டிலான போட்டோகிராபர். பழைய தேவாலயங்களையும் கட்டடங்களையும் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. நல்ல வருமானம். அதனால் அந்தக் காலத்து வசதியான குடும்பங்களைப் போல, ஹாலில் ஃபிரெஞ்சு பாணி நாற்காலிகள் இருந்தன.

1910-ல் மெக்ஸிகோவில் புரட்சி வெடித்தது. ஆட்சி மாறியதும் அரசு வேலை போனது. வீடு அடமானத்துக்குப் போனது, ஹாலில் இருந்த அந்த ஃபிரெஞ்சு சாமான்களும் விலைபோயின. வீட்டில் வாடகைக்கு ஆட்களையும் தங்க வைத்தார்கள். விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக வாங்கிய பொருட்கள் எவ்வளவு சீக்கிரம் வீட்டைவிட்டுப் போகும் என்பதை ஃப்ரிடா சின்ன வயசிலேயே பார்த்துவிட்டார்.

ஆறு வயதில் போலியோ வந்தது. வலது கால் மெலிந்துபோனது. பள்ளியில் கிண்டல். அப்பா மட்டும் மகளை ஓடவும் விளையாடவும் உற்சாகப்படுத்தினார். தன்னோடு கேமராவும் கையுமாக அழைத்துக்கொண்டு போனார். வலிப்பு நோய் இருந்த அப்பாவுக்கு ஃப்ரிடாதான் துணை.

கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி

1925 செப்டம்பர் 17. ஃப்ரிடாவுக்கு 18 வயது. டாக்டராகும் கனவோடு படித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வந்த பஸ்ஸின் மீது டிராம் மோதியது. பஸ்ஸின் கைப்பிடிக் கம்பி ஒன்று அவர் இடுப்பைத் துளைத்தது. முதுகெலும்பு, இடுப்பு, கால் என்று பல இடங்களில் எலும்பு முறிவு. பிழைத்ததே பெரிய விஷயம்.

மாதக்கணக்கில் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டிய நிலை. அப்போது அம்மா மட்டில்டே இரண்டு காரியம் செய்தார். படுத்துக்கொண்டே வரைவதற்கு வசதியாக ஒரு ஈஸல் செய்யச் சொன்னார். கட்டிலின் மேற்கூரையில், மகள் தன் முகத்தைப் பார்க்கும்படி ஒரு கண்ணாடியைப் பொருத்தினார்.

அந்தக் கண்ணாடியில் தெரிந்த முகத்தைத்தான் ஃப்ரிடா வரைய ஆரம்பித்தார். உலகமே கொண்டாடும் சுயஓவியங்களுக்கு ஆரம்பப்புள்ளி, ஒரு அம்மா சரியான இடத்தில் மாட்டிய கண்ணாடி.

ஃப்ரிடாவின் வீட்டு அலங்காரமும் இங்கேதான் தொடங்குகிறது. நாம் பொதுவாக வாசலில் இருந்து யோசிப்போம். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் என்ன படும், அதுதான் நம் கணக்கு. ஃப்ரிடா கட்டிலில் இருந்து யோசிக்க வேண்டியிருந்தது. எழுந்திருக்கவே முடியாத ஒரு நாளில், நான் எதைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போகிறேன்?

பாலம் போட்ட இரட்டை வீடு

1929-ல் ஃப்ரிடா டியேகோ ரிவேராவைத் திருமணம் செய்துகொண்டார். டியேகோ அப்போதே மெக்ஸிகோவின் பெரிய சுவரோவியர். வயதில் 20 வருடம் மூத்தவர். நீல வீட்டின் அடமானக் கடனை அடைத்து மீட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

1932-ல் டியேகோவின் வேலைக்காக அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்தபோது ஃப்ரிடாவின் கரு கலைந்தது. அதே வருடம் அம்மாவும் இறந்துபோனார். மெக்ஸிகோ திரும்பியதும் தம்பதி குடியேறியது நீல வீட்டில் அல்ல. சான் ஆஞ்செல் பகுதியில், கட்டடக் கலைஞர் ஹுவான் ஓ'கோர்மன் வடிவமைத்த அல்ட்ரா மாடர்ன் வீட்டில். டியேகோவுக்கு ஒரு கட்டடம், ஃப்ரிடாவுக்கு ஒரு கட்டடம். நடுவில் மொட்டைமாடியை இணைக்கும் ஒரு சின்னப் பாலம்.

இன்றைக்கு ஒரு டிசைன் பேஜில் போட்டால் லைக்ஸ் அள்ளும் வீடு அது. ஆனா, அங்கே ஃப்ரிடாவுக்கு நிம்மதி இல்லை. டியேகோவுக்குப் பல பெண்களோடு தொடர்பு. அதில் ஒருவர் ஃப்ரிடாவின் சொந்தத் தங்கை கிறிஸ்டினா. ஃப்ரிடாவுக்கும் வேறு காதல்கள் வந்தன. 1939-ல் விவாகரத்து ஆனது.

அதற்கு முன்பே நீல வீடு இன்னொரு வேடம் போட்டிருந்தது. 1937 ஜனவரியில், ஸ்டாலினிடமிருந்து தப்பிவந்த ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியும் அவர் மனைவியும் அங்கே அடைக்கலமானார்கள். பாதுகாப்புக்காகத் தெருப்பக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பக்கத்து மனையையும் டியேகோ வாங்கிச் சேர்த்தார். 1939-ல் டிராட்ஸ்கி கிளம்பிப்போனார். அந்த மனை மட்டும் பெரிய தோட்டமாக மிஞ்சியது.

நின்றுபோன கடிகாரம்

1940 டிசம்பர் 8 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃப்ரிடாவும் டியேகோவும் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருடம் அப்பா குய்யெர்மோ இறந்தார். அதன் பிறகு ஃப்ரிடா நீல வீட்டுக்கே நிரந்தரமாகத் திரும்பினார். டியேகோவும் கூட வந்தார். சான் ஆஞ்செல் வீட்டை ஸ்டுடியோவாக வைத்துக்கொண்டார்.

பிறந்த வீட்டை ஃப்ரிடா தன் வீடாக மாற்றியது இதற்குப் பிறகுதான்.

அங்கே இரண்டு மண் கடிகாரங்கள் இருக்கின்றன. இரண்டும் ஓடாது. ஒன்றில், டியேகோவைப் பிரிந்த மாதத்தையும் வருடத்தையும் ஃப்ரிடா எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றில், மறுமணம் நடந்த ஊர், தேதி, நேரம். நம்மில் பலர் பிரேக்-அப் ஆனதும் முதலில் செய்வது போட்டோக்களை டெலிட் பண்ணுவது. ஃப்ரிடா சேர்ந்த நாளோடு உடைந்த நாளையும் ஒன்றாக வைத்தார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொன்றுக்கு அர்த்தமில்லை.

சமையலறைக்குப் போனால் வேறு மூடு. மஞ்சள் தரை, நீலமும் மஞ்சளுமாக டைல்ஸ். கேஸ் அடுப்பு வந்துவிட்ட காலத்திலும் பழைய பாணி விறகு அடுப்பு. சுவரில் குட்டிக் குட்டி மண்சட்டிகளை ஒட்டி 'டியேகோ', 'ஃப்ரிடா' என்று பெயர்களை எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் சந்தையில் விற்கிற சொப்பு சாமான் சைஸ்தான் அந்தச் சட்டிகள்.

இந்தச் சமையலுக்குப் பின்னாலும் ஒரு சுவாரசியம் உண்டு. டியேகோவுக்குப் பிடித்ததைச் சமைக்க ஃப்ரிடாவுக்குக் கற்றுக்கொடுத்தவர், டியேகோவின் முன்னாள் மனைவி லூப்பே மாரின். ஆரம்பத்தில் மோதிக்கொண்ட இரண்டு பேர், அடுப்படியில் சிநேகிதிகள் ஆனார்கள்.

நன்றி சொல்லும் தகரங்கள்

ஃப்ரிடா, டியேகோ இரண்டு பேருமே சேகரிப்பாளர்கள்தான். ஆனா, டியேகோ சேர்த்த விதம் வேறு. ஸ்பானியர்கள் வருவதற்கு முந்தைய காலத்துச் சிலைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார். அதற்காகவே அனாஹுவாகல்யி என்ற தனிக் கட்டடத்தைக் கட்ட ஆரம்பித்தார். நீல வீட்டுத் தோட்டத்திலும் அவர் சிலைகளுக்காகப் படிப்படியாக ஒரு சின்ன பிரமிட் உண்டு.

ஃப்ரிடா சேர்த்ததில் பெரும்பகுதி சந்தைச் சரக்கு. பொம்மைகள், கூடைகள், மண்பாண்டங்கள், காகிதக்கூழ் உருவங்கள். முக்கியமாக, தகரத்தில் வரைந்த சின்னச் சின்ன நேர்த்திக்கடன் படங்கள்.

நம் ஊர்க் கோயில்களில் கண், கை, கால் உருவம் பதித்த வெள்ளித் தகடுகளைக் காணிக்கை போடுவோம் இல்லையா? அதைப்போல மெக்ஸிகோவில், விபத்திலிருந்தோ நோயிலிருந்தோ பிழைத்தவர்கள் அந்தச் சம்பவத்தை ஒரு தகரத்தில் வரையச் சொல்லி, கீழே நன்றி எழுதி, தேவாலயத்தில் வைப்பார்கள். வரைபவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத உள்ளூர்க் கலைஞர்கள். ஃப்ரிடா கம்யூனிஸ்ட், பக்தி கிடையாது. ஆனாலும் இந்தப் படங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்தார்.

அதில் ஒரு படம் ரொம்ப விசேஷம். யாரோ ஒருவருக்கு நடந்த விபத்தைக் காட்டும் ஒரு பழைய தகரம் அவருக்குக் கிடைத்தது. பார்த்தால் தனக்கு 18 வயதில் நடந்த விபத்து மாதிரியே இருந்தது. அடிபட்டுக் கிடந்த பெண்ணுக்குத் தன்னுடைய சேர்ந்த புருவத்தை வரைந்தார். பஸ்ஸுக்கு கொயோகான் பெயரை எழுதினார். மகளைக் காப்பாற்றியதற்காக அப்பா அம்மா நன்றி சொல்வதுபோல வாசகத்தையும் சேர்த்தார். அவ்வளவுதான். யாரோ ஒருவரின் பழைய பொருள், அவருடைய சொந்தக் கதையாக மாறிவிட்டது.

'அர்த்தமுள்ள பொருள்' என்றால் தாத்தா காலத்துப் பெட்டி, பாட்டியின் பித்தளைக் குடம் என்று பரம்பரையாக வந்ததாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். பரம்பரைச் சொத்து எல்லோருக்கும் வாய்க்காது. பழைய பொருள் கடையில் கிடைத்த ஒரு தகரத்தில்கூட நம் வாழ்க்கை இருக்கலாம் என்று காட்டினார் ஃப்ரிடா.

1943-ல் ஓவியப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஆனார். உடம்பு ஒத்துழைக்காததால் மாணவர்களே நீல வீட்டுக்கு வந்து படித்தார்கள். அவர்களைச் சந்தைக்கும் தெருவுக்கும் போய்ப் பார்த்து வரையச் சொன்னார். வகுப்பறை, வீடு, மியூசியம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

இரண்டு கட்டில்கள்

1940-களின் நடுவில் நீல வீட்டில் புதிய ஸ்டுடியோ கட்டப்பட்டது. எரிமலைக் கல்லால் கட்டிய அதன் ஜன்னல்கள் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். தோட்டத்தில் குரங்குகள், கிளிகள், ரோமமே இல்லாத மெக்ஸிகோ நாட்டு நாய்கள், ஒரு மான். அவருடைய பல ஓவியங்களில் இந்தச் செல்லங்கள் எட்டிப்பார்க்கும்.

ஆனா, உடம்பு நாளுக்கு நாள் மோசமானது. பகலுக்கு ஒரு கட்டில், இரவுக்கு ஒரு கட்டில் என்று இரண்டு கட்டில்கள். பகல் கட்டிலின் மேலே கண்ணாடி. இரவுக் கட்டிலின் மேற்கூரையின் உள்பக்கம், சிற்பி இசாமு நொகுச்சி பரிசளித்த வண்ணத்துப்பூச்சிகள். அறைக்குள் நுழைகிறவர் கண்ணில் அவை படவே படாது. படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

கால்மாட்டில் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ படங்கள். தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்த டிராட்ஸ்கியை விரட்டிய ஸ்டாலினின் படமும் கடைசிக் காலத்தில் அங்கே இருந்தது. ஃப்ரிடாவின் அரசியல் அவ்வளவு நேர்கோடாக இல்லை. அவருடைய சுவரும் அதை மறைக்கவில்லை.

குழந்தை பெற முடியாத வலியும் வீட்டில் இருந்தது. பொம்மைகளை ஆசையாகச் சேர்த்தார். டாக்டர் நண்பர் ஒருவர் கொடுத்த, கண்ணாடி ஜாடியில் பாதுகாக்கப்பட்ட ஒரு கருவையும் தன் அறையில் வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1950-ல் முதுகெலும்பில் அடுத்தடுத்து ஆபரேஷன்கள். ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரியில். அந்த அறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. சர்க்கரையில் செய்த மண்டையோடு போன்ற நாட்டுப்புறப் பொருட்களைக் கொண்டுவந்து வைத்தார். உடம்பை இறுக்கிப் பிடித்திருந்த பிளாஸ்டர் கவசத்தின் மேலேயே படம் வரைந்தார். 'வாடகை வீடுதானே, எதுக்கு மெனக்கெடணும்' என்று நாம் தள்ளிப்போடும் இடத்தில், அவர் ஆஸ்பத்திரி அறையையே சொந்த அறையாக்கிவிட்டார்.

1953 ஏப்ரலில், மெக்ஸிகோவில் அவருக்கு முதல் தனிக் கண்காட்சி. எழுந்திருக்கவே கூடாது என்றார்கள் டாக்டர்கள். சரி என்று கட்டிலையே கேலரிக்கு அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸில் வந்து இறங்கி, ஓவியங்களுக்கு நடுவில் தன் கட்டிலில் படுத்தபடியே விருந்தாளிகளை வரவேற்றார்.

அதே வருடம் ஆகஸ்ட்டில் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. செயற்கைக் காலுக்குச் சிவப்பு பூட்ஸ் போட்டார். அதில் சீன எம்பிராய்டரி, கூடவே ஒரு மணி. 1954 ஜூலை ஆரம்பத்தில், குவாத்தமாலாவில் அமெரிக்கத் தலையீட்டை எதிர்த்த ஊர்வலத்துக்குச் சக்கர நாற்காலியில் போனார். அடுத்த சில நாட்களில், 13-ம் தேதி, நீல வீட்டில் உயிர் பிரிந்தது.

அவருடைய சாம்பலும் அதே வீட்டில்தான் இருக்கிறது, தேரை வடிவத்தில் இருக்கும் ஒரு பழங்காலக் கலசத்தில். தேரை என்பது டியேகோவுக்கு வைத்திருந்த செல்லப்பெயர்.

பூட்டிய குளியலறை

டியேகோ நீல வீட்டை மெக்ஸிகோ மக்களுக்கே கொடுத்தார். 1957-ல் அவரும் இறந்துபோக, 1958-ல் அது மியூசியமாகத் திறந்தது. கவிஞர் கார்லோஸ் பெய்யிசெர்தான் பொருட்களை ஒழுங்குபடுத்தினார்.

ஆனா, ஒரு குளியலறை மட்டும் திறக்கப்படவில்லை. தான் இறந்து 15 வருடங்கள் வரை திறக்கக் கூடாது என்று தோழி டோலோரெஸ் ஓல்மேடோவிடம் டியேகோ சொல்லியிருந்தார். அந்த அம்மா 15 வருடம் கழித்தும் திறக்கவில்லை. 2002-ல் அவர் இறந்த பிறகு, 2004-ல்தான் கதவு திறந்தது.

உள்ளே, மெக்ஸிகோவின் தெற்கே தெவாந்தெபெக் பகுதிப் பெண்களின் பாணியில் ஃப்ரிடா அணிந்த நீளப் பாவாடைகள், ரவிக்கைகள் உட்பட சுமார் 300 உடைகளும் அணிகலன்களும். கூடவே இடுப்புக் கவசங்கள், ஊன்றுகோல், செயற்கைக் கால், மருந்துகள், ரெவ்லான் மேக்கப் பொருட்கள். வீடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 6,000-க்கும் மேற்பட்ட புகைப்படங்கள், 20,000-க்கும் மேற்பட்ட ஆவணங்கள். 2012-ல் ஜப்பானியப் போட்டோகிராபர் மியாகோ இஷியுச்சி இந்தப் பொருட்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். 2018-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இவை கண்காட்சிக்கு வந்தன.

பெரிய பாவாடை ஏன் என்பதற்கு அந்த அறை பதில் சொன்னது. மெலிந்த காலை மறைக்க அது உதவியது. பூவும் நகையும் பார்வையை முகத்துக்கு இழுத்தன. அழகும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. 50 வருடங்களாக நாம் பார்த்தது பாதி ஃப்ரிடாவை மட்டும்தான்.

நீல வீட்டுச் சுவரில்கூட ஒரு சின்னப் பொய் உண்டு. ஃப்ரிடாவும் டியேகோவும் 1929 முதல் 1954 வரை அங்கேயே வாழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. சான் ஆஞ்செல், அமெரிக்கா, விவாகரத்து, டிராட்ஸ்கி எல்லாம் அதில் காணாமல்போய்விட்டது. எந்த வீட்டுச் சுவரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. எதைக் காட்டுவது, எதைப் பூட்டிவைப்பது என்பதும் அலங்காரத்தில் ஒரு பகுதிதான்.

நம்ம ரூமுக்கு என்ன?

ஃப்ரிடா மாதிரி செய்ய நீல பெயின்ட்டோ, அவர் முகம் போட்ட குஷனோ தேவையில்லை. அதை வாங்கி வைத்தால் அது அவர் கதை, நம்முடையது ஆகாது.

ஒரே ஒரு விஷயத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இன்று ராத்திரி படுத்ததும், போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் கண்ணில் என்ன படுகிறது என்று பாருங்கள். ஃபேன், சுவர் வெடிப்பு, கதவுக்குப் பின்னால் தொங்கும் துணி. அந்த இடத்துக்குத்தான் முதல் பொருள் தேவை, ஹாலுக்கு அல்ல. அது அப்பாவின் பழைய ஐடி கார்டாக இருக்கலாம், தோழி எழுதிய துண்டுச்சீட்டாக இருக்கலாம், தோற்றுப்போன ஒரு பரீட்சையின் ஹால் டிக்கெட்டாகவும் இருக்கலாம். வீட்டு ஓனர் ஆணி அடிக்க விடலைன்னா, டேப் போதும்.

விருந்தாளி வருஷத்துக்கு நாலு தடவை வருவார். உடம்பு முடியாமல் படுத்துக் கிடக்கும் நாளில் அந்த அறையில் இருக்கப்போவது நீங்கள்தான்.